சேணத்துக்கு அடியில்

"ஒரு வார்த்தை சொல்லிரு தாயி! 'ஏறலாம்'னு ஒரே ஒரு வார்த்தை!"

இப்படிக் கத்திக்கொண்டு வந்தவன் தளவாய்முத்து. வந்தது நடந்து அல்ல, குதிரை மேல், நாலுகால் பாய்ச்சலில். முற்றத்துக் கோழிகள் உயிர் பிழைத்தால் போதும் என்று கூரை மேல் ஏறிக்கொண்டன.

அந்தப் பாளையத்தில் அவனைப்போலக் குதிரை ஏறுகிறவன் கிடையாது. யாரும் சொல்லாவிட்டாலும் அவனே சொல்லிவிடுவான்.

உள்ளே எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தவள் எலும்பு வைத்தியம் பார்க்கும் உலகம்மை. அவனைவிட இளையவள். மழைக்காலத்தில் அவன் குதிரையிலிருந்து விழுந்து வலது தொடை எலும்பை முறித்துக்கொண்டபோது, கட்டுப் போட்டு, எழுப்பி நடக்கவைத்தவள்.

"வாங்க அண்ணாச்சி. கட்டு அவுத்த பொறவு ஆளையே காணோமே?"

"வலி போயிட்டு. பொறவு என்னத்துக்கு வரணும்?"

"வாரா வாரம் சந்தையன்னைக்கு வாங்க, காலை நீட்டி மடக்கிப் பழகணும்னு சொன்னேன்லா?"

"வீட்டுலயே நீட்டினேன். மடக்கினேன்."

"எத்தனை நாளு?"



"அதை விடு தாயி. நாளைக்குக் கோயில் கொடைவிழாப் பந்தயம்! நீ சொன்னாத்தான் நான் கிளி மேல ஏறலாமாம். இல்லாட்டி அவளை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்னு பாளையக்காரர் சொல்லிட்டாரு. நாளைக்கு மட்டுமில்ல, ஒரேயடியா!"

கிளி என்பது அவன் ஏறி வந்த செவலைக் குதிரையின் பெயர். பாளையக்காரருடைய குதிரைதான். ஆனால் தாயில்லாக் குட்டியாக லாயத்தில் கிடந்தவளுக்குப் பால் புகட்டி வளர்த்தது தளவாய்முத்து. அவள் மேல் இன்னொருவன் உட்காருவதா! அதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

"இப்பமும் ஏறித்தானே வந்திருக்கீங்க?"

"ஆமா!"

"நேத்தும் ஏறுனீங்களோ?"

"குளம் வத்திக் கிடக்குல்லா, அங்கன தினமும் ஓட்டுதேன். யாருக்கும் தெரியாது. இவ காத்தாப் பறக்கா தாயி! இந்த வருசம் எவனும் எங்க பக்கத்துல வர முடியாது!"

அவன் வேட்டியை மடித்துக் காலை நீட்டினான்.

"பாரு. அமுக்கிப் பாரு. ஒரு துளி வலி கிடையாது."

உலகம்மை காலைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு குதிரையிடம் போனாள்.

"சேணத்தை இறக்குங்க."

"எனக்குத்தானே வைத்தியம்?"

"இறக்குங்க அண்ணாச்சி."

இறக்கினான். சேணத்துக்கு அடியில் விரித்திருந்த துணியை எடுத்து அவள் தரையில் போட்டாள்.

"இது என்ன?"

"வேர்வை. இம்புட்டு வேகத்துல வந்தா வேர்க்காதா?"

"எந்தப் பக்கம் வேர்த்திருக்கு?"

துணியின் இடது பாதி பிழியலாம் போல நனைந்திருந்தது. வலது பாதி, காலையில் போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

தளவாய்முத்து குனிந்து பார்த்தான்.

"வலது பக்கம் வெயில் அடிச்சிருக்கும்."

"சேணத்துக்கு அடியிலயா?"

அவன் துணியைப் புரட்டிப் பார்த்தான்.

உலகம்மை கிளியின் முதுகில் இடது பக்கம் ஒரு விரலை வைத்தாள். அங்கே மயிர் தேய்ந்து தோல் தெரிந்தது. விரல் பட்டதுதான் தாமதம், கிளி காதைப் பின்னால் மடித்துக்கொண்டு காலால் தரையை உதைத்தாள்.

"உன் கை புதுசு. அதான் அவ மிரளுதா," என்றான் தளவாய்முத்து.

"அப்ப நீங்க தொடுங்க."

தொட்டான். மெல்லத்தான் தொட்டான்.

கிளி உடம்பெல்லாம் நடுங்க, அவன் கையிலிருந்து விலகிப் போனாள். பிறந்ததிலிருந்து ஒருநாளும் அவள் அவனிடமிருந்து விலகியதில்லை.



"எனக்கு வலிக்கலையே தாயி!"

"வலது காலு தாங்காம இடது பக்கமே சாஞ்சு உக்காந்திருக்கீங்க. உங்க வலியைத்தான் அவ சொல்லுதா."

நாலு பேர் பார்க்க அழாதவன் அன்று கோழிகள் பார்க்க அழுதான். அடி பாவி, ஒருநாளாவது என்னைக் கீழே தள்ளியிருக்கக் கூடாதா என்று கிளியைத் திட்டினான். பிறகு தன்னைத் திட்டினான். உலகம்மை எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"வார்த்தை கேட்டீங்களே அண்ணாச்சி. சொல்லட்டா?"

அவன் கண்ணைத் துடைத்தான். சேணத்தைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பாரம் ஏறியதும் வலது கால் இழுத்தது. தெருவே பார்த்தது.

மறுநாள் ஊரே பொங்கியது! மேளம், வேட்டு, எல்லைக்கல் வரைக்கும் சனம். பந்தயக் குதிரைகள் வரிசையில் நிற்கின்றன என்று தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். உலகம்மையும் பார்க்கப் போகலாம் என்று கதவைச் சாத்த வந்தாள்.

வாசலில் தளவாய்முத்து நின்றான். பக்கத்தில் கிளி, முதுகில் ஒன்றும் இல்லாமல்.

"பந்தயம்?"

"அவ ஓடலை. இந்த முதுகுல யாரும் ஏறக் கூடாதுன்னு பாளையக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அவரு கையையே பிடிச்சு அந்தப் புண்ணு மேல வைச்சுக் காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"திட்டினாரு. புண்ணு ஆறினதும் வேற ஆளுக்குத்தான் கொடுப்பாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆறட்டும்னேன்."

மைதானத்துப் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது. பந்தயம் தொடங்கிவிட்டது. சனம் கூவியது. கிளி காதை நிமிர்த்தினாள். அவன் அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான்.

உலகம்மை பாயை விரித்தாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. காலை நீட்டுங்க."

"நீட்டுதேன் தாயி. முதல்ல அவளைப் பாரு."