ஏரி வழியாக வந்த படை

"படை வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்கள், குரத்தியாரே!"

மூச்சிரைக்க மலையேறி வந்த நன்னாகன் வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டான்.

குகைப் பள்ளியில் பாடம் சொல்லும் சமணப் பெண்துறவியைக் குரத்தியார் என்பது அந்த நாட்டு வழக்கம். இவர் நன்னாகனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் பழைய ஏடுகளைப் படிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"முதலில் உட்காரும்."

"நேரமில்லை. அடிவாரத்தில் அரசரின் குதிரைக்காரன் ஓலைக்காகக் காத்து நிற்கிறான்."

நன்னாகன் ஏழூர் நாட்டின் அரசவை வரலாற்றாசிரியன். ஏழூர் உள்ளங்கை அகல நாடு. வடக்கே ஒரு பேரரசு, தெற்கே ஒரு பேரரசு. வடக்கு புதுக் கப்பல் கட்டினால் தெற்கு புதுக் கோட்டை கட்டும். தெற்கு உப்பு வண்டிகளை மறித்தால் வடக்கு குதிரைச் சந்தையை மூடும். நடுவில் மாட்டிக்கொண்ட ஏழூர்க்காரர்களுக்கு ஆறு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

இப்படிப்பட்ட காலத்தில் வரலாறு படித்தவனுக்கு வருகிற மவுசே தனி. இரண்டு பேரரசர்களின் மனதில் இருப்பதும் அவனுக்குத் தெரியும் என்று ஊரே நம்பும். கொஞ்ச நாளில் அவனும் நம்பத் தொடங்கிவிடுவான்.

தெற்குப் படை எந்த வழியாக வரும் என்று அரசர் கேட்டார். நன்னாகன் மூன்று நாள் ஏடுகளைப் புரட்டினான். இருநூறு ஆண்டுகளில் மூன்று முறை இதே மாதிரி இரண்டு பேரரசுகளும் முறைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. மூன்று முறையும் தெற்குப் படை ஏரி வழியாகத்தான் ஏழூருக்குள் புகுந்திருக்கிறது.

ஏரி என்றால் கணவாயேரி. தெற்கு எல்லையில் இரண்டு மலைகளுக்கு நடுவே கிடக்கும் தண்ணீர். அதன் கரைக்குக் கீழே, ஏழூர்ப் பக்கம், பதினோரு கிராமங்கள்.

"கரையை உடைத்தால் கீழே எல்லாம் சேறாகிவிடும். குதிரை ஓரடி நகராது. பழைய அரசர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். உடைக்கலாம் என்று எழுதிவிட்டேன்."

இடுப்பிலிருந்து ஓலையை எடுத்தான்.

"எழுதியாயிற்று. பிறகு எதற்கு மலையேறி வந்தீர்?"

"என் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அந்தப் பதினோரு ஊரில் ஒன்றில். நாலு நாளில் ஊரைக் காலி பண்ணச் சொல்வார்கள். நிறைமாதம் அவளுக்கு. எங்கே போவாள்? படை வராது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், இதை ஒடித்துப் போட்டுவிடுவேன்."

"வராது என்று எனக்குத் தெரியாது."

"அப்படியானால் வருமா?"

"அதுவும் தெரியாது."

நன்னாகனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதைக் கேட்கவா இத்தனை படி ஏறினேன் என்று முணுமுணுத்தான்.

குரத்தியார் உள்ளே போய், அந்த மூன்று படையெடுப்புகளையும் சொல்லும் ஏடுகளின் நகல்களை எடுத்துவந்து அவன் முன் வைத்தார்.

"கரை உடைத்த மாதத்தையும் படை வந்த மாதத்தையும் மட்டும் வாசியும்."

"மார்கழியில் கரையை உடைத்தார்கள். பங்குனியில் படை வந்தது."

"அடுத்தது?"

"தையில் உடைத்தார்கள். சித்திரையில் படை வந்தது."

"மூன்றாவது?"

"மார்கழி. பங்குனி."

"தண்ணீர் நிற்கிற ஏரிக்குள் குதிரைகள் எப்படி நடந்தன?"

"தண்ணீர் ஏது? அதற்குள் ஏரி காய்ந்து..."

நன்னாகன் வாசல் பக்கம் திரும்பினான்.

குகை வாசலிலிருந்து பார்த்தால் கணவாயேரி தெரியும். மழைக்காலம் முடிந்து, இரண்டு மலைகளையும் தொட்டுத் தளும்பிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் ஒதுங்கி நடக்கக்கூட ஓரத்தில் இடமில்லை.

அவன் மறுபடி ஏடுகளைப் பார்த்தான்.

"மூன்று முறையும் வழியைத் திறந்துவிட்டது நாம்தானா?"

"உடைக்கச் சொன்னது யார்? அதையும் வாசியும்."

தேடினான். கட்டளையிட்ட அரசர் பெயர் இருந்தது. மண்வெட்டி பிடித்தவர்களின் எண்ணிக்கை இருந்தது. பலி கொடுத்த கிடாவின் நிறம்கூட இருந்தது. யோசனை சொன்னவன் பெயர் மட்டும் மூன்றிலும் இல்லை.

"இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி விட்டார்கள்?"

"ஏடுகளை எழுதியது யார்?"

"அரசவை வரலாற்றாசிரியர்கள்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

குரத்தியார் எழுத்தாணியை நீட்டினார். "உம் ஓலையை நான் தடுக்கவில்லை. தாராளமாக அனுப்பும். அடியில் பெயரை மட்டும் எழுதிவிடும்."

அரசவை ஓலையில் எழுதியவன் பெயர் போடுகிற பழக்கமே ஏழூரில் கிடையாது.

நன்னாகன் எழுத்தாணியை வாங்கி ஓலையின் அடியில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். கீழே குதிரை கனைத்தது.

கடைசியில் ஓலையை இரண்டாக ஒடித்தான். வேறு ஓலை கேட்டு வாங்கி, 'கரையைத் தொட வேண்டாம்' என்று எழுதினான். அடியில் 'சொன்னவன் நன்னாகன்' என்று எழுதினான்.

மனம் லேசாகிவிட்டதா என்றால், அதுதான் இல்லை.

"குரத்தியாரே, ஒருவேளை படை வந்துவிட்டால்?"

"அதையும் ஏட்டில் எழுதும். பெயர் போட்டு."