மோட்டார் யாருக்காக ஓடுது?

குடிநீர் வாரியப் பெரிய இன்ஜினியர், வால்வு திறக்கிற மாசாணத்தைக் கூப்பிட்டு அதட்டினாராம்.

"மோட்டார் தினமும் மூணு மணி நேரம் குறைச்சு ஓடணும், ஜெனரேட்டர் புகையும் குறையணும். ஆனா ஒரு வீட்டுக்கும் தண்ணி குறையக் கூடாது. பத்து நாள்ல முடியலைன்னா உனக்கு வேலை இல்லை!"

மாசாணம் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மண்ணுக்குள் தண்ணீர் கசியும் சத்தம் கேட்கிறதா என்று மேல்முனையில் காதை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் சுற்றினான். பத்தாம் நாள் இன்ஜினியர் பங்களாவின் பின்பக்கம் கம்பி 'உஸ்'ஸென்று இரைந்தது.

"ஐயா, வாழையெல்லாம் அமோகமா நிக்குதே! யாரு தண்ணி ஊத்துறது?"

"ஒரு சொட்டு ஊத்தினதில்லைய்யா. எல்லாம் என் கைராசி!"

"அந்தக் கைராசிக்குத்தான் ஐயா, மோட்டார் தினமும் மூணு மணி நேரம் கூடுதலா ஓடுது."

தோண்டினால், மெயின் குழாய் பிளந்து கிடக்கிறது! அடைத்தார்கள். மறுநாள் மூன்று மணி நேரம் முன்னதாகவே தொட்டி நிரம்பிவிட்டது, ஜெனரேட்டரும் புகையை நிறுத்திக்கொண்டது. மாசாணத்துக்கு வேலை தங்கியது.

வாழைக்கு? இப்போது இன்ஜினியரே வாளியில் சுமக்கிறார்.