காக்கை வரும்வரை

நாற்பது வருடம் பாலம் கட்டி ஓய்வுபெற்று மடத்துக்கு வந்தவர் மாசிலாமணி. குரு மங்கையர்க்கரசி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். சமையல் செய்யும் பேச்சியம்மாளைத்தான் பொறுக்க முடியவில்லை.

மடத்துக்காக அவர் ஒரு புகையில்லா அடுப்பு கட்டியிருந்தார். பாதி விறகு போதும், மலையில் மரம் மிஞ்சும். முப்பது பக்கம் கணக்குப் போட்டிருந்தார். குரு சரி என்றால் நாளைக்குப் பார்க்க வரும் நாலு ஊர்ப் பெண்களும் தங்கள் வீட்டில் அதையே கட்டுவார்கள். ஆனால் இன்று காலையும் அடுக்களை முழுக்கப் புகை. பேச்சியம்மாள் இருமிய இருமலில் குருவே எழுந்து வந்துவிட்டார்.

"அடுப்பு சரிதாம்மா," என்றார் மாசிலாமணி. "போன வாரம் விறகு ஈரம்."

"முந்தாநாள்?" என்று கேட்டார் குரு.

"எதிர்க்காத்து."

"இன்னைக்கு?"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கதவும்மா, கதவு! சமைக்கும்போது சாத்தி வைன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். சோறு வடிச்சதும் காக்காவுக்கு வைக்கிறேன்னு திறந்துபோட்டு நிக்கிறா. அது வந்து தின்ன பிறகுதான் உள்ளே வருவாளாம். அடுப்புல குழம்பு கொதிக்குது, காத்து புகுந்து புகையைத் திருப்புது!"

பேச்சியம்மாள் கரண்டியோடு திரும்பினாள். "காக்காவுக்கு வைக்காம எந்த வீட்டுல சாப்பிடுறாங்க, ஐயா?"

"பாருங்க! கணக்குல காக்கா எங்கேம்மா வரும்?"

குரு கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் புகை ஒழுங்காக அடுப்பின் புகைக்குழாய்க்குள் ஏறியது. மாசிலாமணிக்கு முகமெல்லாம் பல்.

வெளியே காக்கை கரைந்தது. குரு ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து நின்றார். காக்கை சாவகாசமாக வந்தது. மூன்று பேரும் இருமினார்கள்.

"இப்பத் திறந்தது நீங்க," என்றார் மாசிலாமணி எரிச்சலோடு.

"ஆமா. விறகு தப்பு, காத்து தப்பு, பேச்சி தப்பு, இப்ப நானும் தப்பு. என்ன நடந்தா அடுப்பு தப்புன்னு ஒத்துக்குவீங்க, ஐயா?"

அவர் முப்பது பக்கத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒன்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அப்படி எதுவுமே நடக்காதும்மா. கணக்கு பொய் சொல்லுமா?"

குரு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எது நடந்தாலும் தப்பாகாதது சாமி, ஐயா. பூஜை அறையில வச்சுக் கும்பிடுவோம். நாளைக்கு வர்றவங்களுக்கு வேண்டியது அடுப்பு."