உள்ளங்கையில் ஒரு பார்வை

முன்னொரு காலத்தில், கடலோரமாக இருந்த ஒரு நாட்டில், ஓர் ஆவணி மாதக் காலையில் சபையில் இருந்தவர்கள்: ராஜா, அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவர், தளவாய் நயினான், ஆங்கிலத்தில் பத்துச் சொல் தெரிந்த தளவாயின் அக்காள் மகன், கட்டியக்காரர் பொன்னுரங்கம், பெரிய மனிதர்கள் பதினாறு பேர், அதில் ஏழு பேர் தூக்கத்தில், விகடன் குழைக்காதன்.

இருந்திருக்க வேண்டிய ஒருவன் இல்லை. வெளிநாட்டார் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி தாண்டவன் பதினோரு மாதமாகக் கோட்டைச் சிறையில் இருந்தான். அவனை அங்கே அனுப்பியது தன் வாய்தான் என்று குழைக்காதனுக்குத் தெரியும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

நடந்தது இதுதான். அந்த நாட்டில் துபாஷி வேலைக்கு வருகிறவன் ஒரு சத்தியம் செய்தாக வேண்டும்: வந்த சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே இறக்கி வைப்பேன். மற்ற ஊர்த் துபாஷிகள் பொருளைச் சொல்வார்கள். இங்கே சொல்லுக்குச் சொல். போன புரட்டாசியில் ஆங்கிலக் கப்பல் ஒன்று மிளகு வாங்க வந்தது. கப்பல் தலைவன் சபையில் நின்று பேசினான். தாண்டவன் சத்தியப்படி இறக்கி வைத்தான்.

"ராஜாவின் துறைமுகத்துக்கு ஒரு பார்வை கொடுப்பேன் என்கிறார். வியாபாரிகளுக்கு ஒரு கேட்பு கொடுப்பாராம். பிறகு தன் கப்பலுக்கு ஒரு கழுவல் கொடுத்துவிட்டு விலை பேசுவாராம்."

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "என்னய்யா இது, எதைக் கேட்டாலும் கொடுப்பேன் என்கிறான்?"

தாண்டவன் விளக்கினான். நாம் பார்க்கிறோம், அவர்கள் பார்வை கொடுக்கிறார்கள். நாம் தள்ளுகிறோம், அவர்கள் ஒரு தள்ளல் கொடுக்கிறார்கள். ஒரே சொல்லை எல்லாவற்றோடும் சேர்ப்பார்கள். வாங்குகிறவனையும் பொருளையும் எந்த வரிசையிலும் வைப்பார்கள். 'கொடு ராஜாவுக்குக் குதிரையை' என்றாலும் சரி, 'கொடு குதிரையை ராஜாவுக்கு' என்றாலும் சரி. "ஆனால் குதிரை என்று சொல்லாமல் 'அது' என்று மட்டும் சொன்னால், அதுதான் முதலில் வரும் மகாராஜா. ராஜா அதற்குப் பின்னால்தான்."

தளவாய் முகத்தைச் சுளித்தார். அந்த நேரத்தில்தான் குழைக்காதன் வாயைத் திறந்தான்.

"மகாராஜா, அந்தப் பார்வையை வெள்ளித் தட்டில் வாங்குவதா, வாழை இலையில் வாங்குவதா? அதைக் கொடுத்துவிட்டால் பாவம், மனுஷன் கண் தெரியாமல் கப்பலுக்கு எப்படிப் போவான்?"

சபை உருண்டது. அன்றைக்கும் தூங்கிக்கொண்டிருந்த அதே ஏழு பேரும் எழுந்து சிரித்தார்கள். கப்பல் தலைவனுக்கு மொழி தெரியாது, ஆனால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. அவன் முகம் சிவந்தது. திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தான். மாலையில் கப்பலைக் காணோம். மூன்று கிடங்கு மிளகு பூசணம் பூத்துப் போயிற்று.

நாமும்தான் குரல் கொடுக்கிறோம், பேச்சுக் கொடுக்கிறோம், தொல்லை கொடுக்கிறோம், அதையெல்லாம் எந்தத் தட்டில் வைக்கிறோம்? இது குழைக்காதனுக்கு அப்போதே தெரியும். ஆனால் ஒரு சிரிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் எடுத்துக்கொண்டான்.

பழியை யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது. "ராஜாவைக் குதிரைக்குப் பின்னால் நிறுத்தியவன் துபாஷிதானே" என்றார் தளவாய். தாண்டவன் உள்ளே போனான். விகடனுக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. மாசி மாதம் தாண்டவனின் மனைவி காய்ச்சலில் செத்துப்போனாள். கொள்ளி வைக்கக்கூட அவனை விடவில்லை. குழைக்காதன் சிறைக்குத் தயிர்சோறு அனுப்பினான். ஒரு நாள்கூட நேரில் போகவில்லை.

இப்போது ஆவணியில் இன்னொரு கப்பல் தொலைவில் தெரிந்தது.

"மகாராஜா, பழைய துபாஷியை உப்புத் தீவுக்கு அனுப்பிவிடலாம். வெறும் சோற்றுக்குக் கேடு. இனி என் அக்காள் மகன் பார்த்துக்கொள்வான்" என்றார் தளவாய்.

உப்புத் தீவுக்குப் போனவர்கள் திரும்பியதில்லை. அந்த வெள்ளை வெயிலில் முதலில் கண் போகும். மற்றது பிறகு போகும்.

ராஜா தாடையைத் தடவினார். தளவாய் விடவில்லை. "விகடர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பார்வை எந்தத் தட்டில் வந்தது, அவரையே கேளுங்கள்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. விபரீதமான ஆசை வரும்போதெல்லாம் அவர் முகம் அப்படித்தான் ஆகும்.

"அட, ஆமாம். என் துறைமுகத்துக்குத் தருவதாகச் சொன்ன பார்வை இன்னும் எனக்கு வந்து சேரவில்லையே. குழைக்காதா, உச்சிப் பொழுதுக்குள் அது என் கைக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் தாண்டவன் தீவுக்கு."

"கைக்கு என்றால், மகாராஜா?"

"கை என்றால் கைதான்." ராஜா வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

குழைக்காதன் கும்பிட்டுவிட்டு நேரே கட்டியக்காரரிடம் போனான்.

"பொன்னுரங்கம் அண்ணே, அந்த வெறுங்கை வழக்கம் இன்னும் உண்டா?"

"உண்டாவா? நான் உசிரோட இருக்கிற வரைக்கும் உண்டு."

ராஜாவின் பாட்டனார் காலத்து வழக்கம் அது. ஒரு குறவன் அவருக்குத் தேன் கொண்டுவந்து கொடுத்தான். அவர் வாங்கி நக்கிவிட்டு, காட்டில் அனுமதியில்லாமல் தேன் எடுத்ததற்காக அவனையே சிறையில் போட்டார். அதற்குப்பின் மூன்று வருஷம் மழையில்லை. அன்றிலிருந்து விதி: ராஜாவின் கையில் ஒருவன் எதைக் கொடுத்தாலும், ராஜா தன் கையால் அவனுக்குத் தாம்பூலம் கொடுத்துத்தான் எழ வேண்டும். அந்தத் தாம்பூலம் வாங்கியவனை அடைத்து வைக்கக்கூடாது.

குழைக்காதன் சிறைக்கு நடந்தான். தாண்டவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தாடி மார்பு வரை வந்திருந்தது.

"தயிர்சோறு அனுப்புற ஆளு நேரிலயே வந்துட்டாரு" என்றான்.

"தாண்டவா, சபைக்கு வரணும். ராஜா உள்ளங்கையை நீட்டுவாரு. நீ குனிஞ்சு அதை நல்லாப் பாரு. அவ்வளவுதான்."

"இதுவும் உன் விகடமா?"

"ஆமா."

"போன விகடத்துக்குப் பதினோரு மாசம். இதுக்கு எவ்வளவு?"

"வரலேன்னா சாயங்காலம் தீவுக்குப் படகு" என்றான் குழைக்காதன்.

தாண்டவன் எழுந்தான். கால் மரத்திருந்தது. பிடிக்க வந்த குழைக்காதனின் கையை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

சபையில் குழைக்காதன் சொன்னான்: "மகாராஜா, கப்பல் தலைவன் பேசியதை முதலில் வாங்கிக்கொண்டவன் துபாஷி. நாம் சிரித்த சிரிப்பில், வாங்கிய சரக்கை முழுதாக இறக்க அவனுக்கு நேரமில்லாமல் போயிற்று. பார்வை இவனிடம்தான் தங்கிவிட்டது. கையை நீட்டுங்கள்."

ராஜா நீட்டினார். தாண்டவன் மண்டியிட்டு, மூக்கு படும் அளவுக்குக் குனிந்து அந்த உள்ளங்கையைப் பார்த்தான். அவசரப்படவில்லை. சிறை இருட்டில் இருந்து வந்த கண். அதில் நீர் வழிந்தது.

"என்னடா தெரிகிறது?" என்றார் ராஜா.

"சுண்ணாம்பு, மகாராஜா. வேறொன்றும் இல்லை."

"பார்வை கைக்கு வந்துவிட்டது" என்றான் குழைக்காதன்.

தளவாய் துள்ளினார். "இதென்ன கூத்து? பார்வை ஒரு பொருளா? இதைக் கொடுத்ததாக யார் ஒப்புக்கொள்வார்கள்?"

"பொருள் இல்லையென்றால் மகாராஜா எதைக் கைக்குக் கேட்டார் தளவாயே? இல்லாததைக் கேட்டார் என்கிறீர்களா?"

தளவாய் உட்கார்ந்துவிட்டார். ராஜா உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்போது கட்டியக்காரர் தடியால் தரையைத் தட்டினார்.

"ராஜாவின் கையில் கொடுத்தவன் வெறுங்கையோடு நிற்கிறான். தாம்பூலம்."

அது வழக்கம். அந்த வழக்கத்துக்கு ராஜாவும் பயந்தவர். வெற்றிலையை எடுத்துத் தாண்டவனின் கையில் வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு விளங்கிற்று. விழித்தார். பிறகு சிரித்தார். எச்சில் தெறிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிம்மாசனத்தின் கைப்பிடியைக் குத்திக் குத்திச் சிரித்தார். பதினாறு பேரும் சிரித்தார்கள். தளவாயின் அக்காள் மகன்கூடச் சிரித்தான். வேலை கைநழுவிப் போகக்கூடும் என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

குழைக்காதனுக்கு இன்னொரு பட்டுச் சால்வை வந்தது. நாளைக் காலையில் துபாஷி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ராஜா தாண்டவனிடம் சொன்னார்.

"வேண்டாம் மகாராஜா. இனி நான் யாருடைய சொல்லையும் சுமக்கிறதாக இல்லை."

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. ராஜாவின் காதில் அது விழவில்லை. மறுநாள் பத்துச் சொல்லோடு அக்காள் மகனே கப்பலுக்குப் போனான்.

அன்று சபையை விட்டிறங்கிய தாண்டவன் தெருவில் நடந்தான். பின்னாலேயே குழைக்காதன் போனான். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த அம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சால்வையை வச்சுக்க தாண்டவா. குளிருக்கு ஆகும்."

தாண்டவன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். துரு ஏறியிருந்தது.

"நான் அன்னிக்கு வாயைத் திறந்திருக்கக்கூடாது. சொன்ன மறுகணமே தெரியும். அதைச் சபையில சொல்லி உன்னைக் காப்பாத்தியிருக்கலாம். பயந்துட்டேன்."

"தெரியும்."

"திட்டவாவது செய்."

"எதுக்கு? திட்டுனா நீ லேசாயிடுவே."

பூட்டுத் திறந்துகொண்டது. உள்ளே பதினோரு மாதத்துத் தூசி. மனைவியின் சேலை ஒன்று கொடியில் அப்படியே கிடந்தது. குழைக்காதனும் அதைப் பார்த்தான்.

"கூட வந்து பெருக்கித் தரட்டுமா?"

"வேண்டாம்ப்பா. போ."

கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன ஒருவன் வாசலுக்கு வந்த வியாபாரியிடம் சொல்வதைப் போலச் சொன்னான். உள்ளே போனான். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, பூட்டையும் உள்பக்கமாக மாட்டித் திருகும் சத்தம் கேட்டது.