பிரிக்காத பெட்டிகள்

திருப்பூரில் வளர்மதி என்று ஒரு ஆடிட்டர் இருந்தார். கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொன்னதாக அவருடைய அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை.

அங்கே ஒரு மாதப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தாள் கௌசிகா. பி.காம். கடைசி வருஷம். அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். மாதம் முடிந்ததும் மேடத்துக்குப் பிடித்திருந்தால் தொடர்ந்து வைத்துக்கொள்வார், இல்லாவிட்டால் சான்றிதழைக் கையில் கொடுத்து வழியனுப்பிவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். எது பிடிக்கும், எது பிடிக்காது என்றுதான் யாரும் சொல்லவில்லை. அப்பா அதற்குள் தெரு முழுக்க, "பாப்பா ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்குது" என்று சொல்லி முடித்திருந்தார்.

முதல் நாளே அவள் கேட்டாள்.

"மேடம், இங்கே நான் என்ன கத்துக்கணுமுங்க?"

வளர்மதி நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வை. பேப்பர் பறக்குது."

இதற்கு உள்ளே ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று அன்று முழுக்க யோசித்தாள். அங்கே சில வருஷமாக வேலை பழகிக்கொண்டிருந்த தீபனிடம் கேட்டும் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"ஃபேனைக் குறைக்கச் சொன்னா ஃபேனைக் குறை, அம்மிணி. எல்லாத்துக்கும் அர்த்தம் தேடிட்டிருந்தா மண்டை காஞ்சிரும்."

"மேடத்துக்கு என்னதான் பிடிக்குமுங்கண்ணா?"

"அது எனக்கே தெரியாது. பிடிக்காதது ஒண்ணு தெரியும். பார்க்காததைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டா, அன்னிக்கே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிர வேண்டியதுதான். போன வருஷம் ஒருத்தன் அப்படிப் போனான். நல்ல பையன். கையெழுத்துகூட முத்து முத்தா இருக்கும்."

மார்ச் மாதக் கடைசியில் அவளை ஒரு பனியன் கம்பெனிக்குத் தனியாக அனுப்பினார்கள். கணக்கு வருஷம் முடியும்போது குடோனில் இருக்கும் சரக்கை ஆடிட்டர் ஆபீஸ் ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டிகளை எண்ணி, வரிசைக்குச் சில பெட்டிகளைப் பிரித்து, மேலே ஒட்டிய சீட்டில் இருக்கிறபடி உள்ளே பனியன் இருக்கிறதா என்று பார்த்து எழுதி, அந்தத் தாளின் அடியில் 'நேரில் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

குடோன் சென்னியப்பன் பொறுப்பில் இருந்தது. அவளுடைய அப்பா வயது. அவளைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார்.

"உட்காருங்க மேடம். டீ சொல்லட்டுங்களா, இளநி வாங்கியாரச் சொல்லட்டுங்களா?"

கௌசிகா திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அவளைத்தான் மேடம் என்கிறார்.

முன் வரிசைகளில் கேட்ட பெட்டிகளை அவரே இறக்கிப் பிரித்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரிசை சுவரோடு ஒட்டிக் கூரை வரைக்கும் ஏறி நின்றது.

"அதுலயும் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணுமுங்க" என்றாள்.

அவர் முகம் சுருங்கிப் போனது.

"இதுவரைக்கும் பிரிச்சதெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு, கண்ணு?" மேடம் போய்க் கண்ணு வந்துவிட்டது. "இந்தக் கம்பெனி தகரக் கொட்டாயில நடந்த காலத்துல இருந்து இதை நான்தான் பார்த்துட்டு வர்றேன். ஒரு பீஸ் குறைஞ்சதில்லை. என்னைப் பார்த்தா திருடுறவனாட்டமா இருக்குது?"

"ஐயோ, அப்படி இல்லீங்க ஐயா."

"அப்புறம்?"

கௌசிகா பேனாவை எடுத்தாள். கீழே நின்றபடியே கடைசி வரிசைச் சீட்டுகளை அண்ணாந்து படித்து எழுதிக்கொண்டாள். அடியில் கையெழுத்துப் போட்டாள். சென்னியப்பனுக்கு முகம் தெளிந்தது. "வெயில் ஏறிப்போச்சு, பார்த்துப் போங்க மேடம்" என்றார்.

மறுநாள் மத்தியானம்தான் வளர்மதி அலுவலகத்துக்கு வந்தார். கௌசிகா தாளை அவர் மேஜைக்கு எடுத்துப் போனாள். நீட்டிவிட்டு நகராமல் நின்றாள்.

"என்ன?"

சொல்ல வந்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"மேடம், நல்லவங்களைச் சந்தேகப்படலாமுங்களா?"

வளர்மதி தாளை வாங்கினார். படித்தாரா, சும்மா பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது இப்போதைக்கு உன்கிட்டயே இருக்கட்டும். வா, வண்டியில ஏறு."

தீபன் அவளுடைய பையை எடுத்து வந்து கையில் கொடுத்தான். "எதுக்கும் கூடவே வச்சுக்கோ" என்றான். கிண்டல் செய்கிறானா, இரக்கப்படுகிறானா என்பதுகூட அவளுக்குப் புரியவில்லை.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, நொய்யல் பாலம் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பாலம் தாண்டியது. கம்பெனி வந்தது.

சென்னியப்பன் ஓடி வந்தார். "வாங்க மேடம்" என்றார். இன்று அந்தச் சொல் வளர்மதிக்கு.

வளர்மதி குடோனைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைசி வரிசையின் முன்னால் நின்றார்.

"அண்ணா, மேலே இருக்கறதுல ஒண்ணை இறக்குங்க."

நேற்றுச் சுருங்கிய அதே முகம் மறுபடியும் சுருங்கியது. சென்னியப்பன் கௌசிகாவை ஒரு தடவை பார்த்தார்.

"நேத்துத்தான் அம்மிணி வந்து எல்லாத்தையும் பார்த்துட்டுப் போச்சுங்களே மேடம்."

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. சும்மா இருந்தால் போதும்.

"பார்க்கலீங்க மேடம்" என்றாள். "கடைசி வரிசையை நான் பிரிக்கலீங்க. சீட்டைப் படிச்சு எழுதிட்டேன்."

பையைத் தூக்கச் சொல்வார் என்று காத்திருந்தாள்.

"ஏணியைப் பிடி" என்றார் வளர்மதி. "அண்ணன் ஏறட்டும்."

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி இறங்கியது. வளர்மதி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பனியனாக எடுத்து எண்ணினார். எண்ணி முடித்து எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கினார்.

"சரியா இருக்குதுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"சரியா இருக்குது. கட்டிருங்க."

"நேத்தே சொன்னேன்" என்று அவர் கயிற்றிடம் முணுமுணுத்தார்.

கௌசிகாவுக்குக் குழப்பம் இரண்டு பங்கானது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. வயசான மனுஷன் மனம் நொந்ததுதான் மிச்சம். அப்படியானால் தப்பு எங்கே நடந்தது? தன்னை ஏன் இன்னும் யாரும் திட்டவில்லை?

அவர்கள் வெளியே வரும்போது சங்கு ஊதிவிட்டது. வேலை விட்ட பெண்கள் கேட்டுக்கு ஒரு பக்கமும் ஆண்கள் மறுபக்கமுமாக வரிசை கட்டி நின்றார்கள். பெண்களின் பைகளை ஒரு அம்மாள் திறந்து பார்த்து ஒவ்வொருவராக வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். ஆண்கள் பக்கம் வாட்ச்மேன் நின்றார். வளர்மதியைக் கண்டதும் அவர் கையை ஆட்டினார்.

"மேடம், நீங்க இப்படி வந்திருங்க. உங்களுக்கு எதுக்குங்க வரிசை?"

வளர்மதி பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

வேறு வழியில்லாமல் கௌசிகாவும் அவருக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய அம்மா வேறொரு கம்பெனியில் தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறவள். சின்ன வயதில் ஒரு நாள் கேட்டுக்கு வெளியே காத்திருந்தபோது, அம்மா தன் டிபன் பையைக் கவிழ்த்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறாள். இந்த மாதிரி வரிசையில் நிற்காத வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் அவள் படித்ததே.

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள்.

"ஏனக்கா, ஆடிட்டரம்மா பனியனை எடுத்துட்டுப் போறாங்களாமா?"

"போடி. அவங்க இருக்கற ஒல்லிக்கு எங்கே ஒளிச்சு வைக்கிறது?"

வரிசை சிரித்தது. வளர்மதியும் சிரித்தார். அவர் முறை வந்ததும் பை பார்க்கிற அம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க மேடம். நீங்க போங்க."

"பாருங்க அக்கா. எல்லாருக்கும் பார்க்கறீங்கள்ல."

அவளாகத் திறக்கவில்லை என்பதால் வளர்மதியே திறந்து பிடித்தார். உள்ளே ஒரு டிபன் டப்பா, மூக்குக் கண்ணாடி, மாத்திரை அட்டை, பாதி தின்று மடித்து வைத்த கடலை மிட்டாய். அந்த அம்மாள் மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் இதேதானுங்க போடறாரு, சர்க்கரைக்கு. மாத்திரையும் வச்சுக்கிட்டு மிட்டாயும் வச்சிருக்கறீங்களே மேடம்!"

"அக்கா, சத்தமாச் சொல்லாதீங்க. எங்க வீட்டுக்குக் கேட்டுரும்."

மறுபடியும் சிரிப்பு. கௌசிகாவின் பையில் அந்தத் தாளும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. "போ சாமி" என்று அந்த அம்மாள் அவள் முதுகில் தட்டி அனுப்பினாள்.

குடோனைப் பூட்டிவிட்டுக் கடைசி ஆளாக வந்தார் சென்னியப்பன். வாட்ச்மேன் அவர் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். மகள் வீட்டு விசேஷத்துக்கு எந்த பஸ்ஸில் போனால் கூட்டம் இருக்காது என்று சென்னியப்பன் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். துழாவுகிற கையைச் சென்னியப்பன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வேப்பமரத்தடியில் நின்ற ஸ்கூட்டர் அருகே வந்ததும் கௌசிகாவால் அடக்க முடியவில்லை.

"மேடம், எனக்கு ஒண்ணுமே புரியலீங்க."

"என்ன புரியலை?"

"பெட்டி சரியாத்தானுங்க இருந்துச்சு. அப்போ நேத்து நான் எழுதினதும் சரிதானுங்களே?"

"சென்னியப்பன் அண்ணன் சொன்னது சரி."

"நானும் அதையேதானுங்க எழுதினேன்."

"அவர் பார்த்துட்டுச் சொன்னார்."

கொஞ்சம் தள்ளி சென்னியப்பன் தன் பழைய மொபெட்டை மிதித்துக்கொண்டிருந்தார். அது இருமியதே தவிர கிளம்பவில்லை.

"நாளைக்கு நான் ஆபீஸுக்கு வரலாமுங்களா மேடம்?"

"வராம? அந்தத் தாள் என் மேஜைக்கு இன்னும் வந்து சேரலையே."

அவள் கேட்டைப் பார்த்தாள். மொபெட்டைப் பார்த்தாள். கையில் இருந்த பையை மாற்றிப் பிடித்தாள்.

"அப்போ இப்பவே திரும்ப உள்ளே போயி, மிச்சத்தைப் பிரிச்சுப் பார்க்கலாமுங்களா?"

வளர்மதி வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

"அதை என்கிட்டக் கேட்காதே. சாவி அவர்கிட்ட இருக்குது."