தரை தொடாத வழி

ஒரு காட்டில் பாதி மேடு, பாதி பள்ளம்.

பள்ளத்தில் ஆறு ஓடியது. ஆற்றங்கரை முழுக்க மரங்கள். ஒரு மரம் அடுத்த மரத்தின் தோளில் கிளையைப் போட்டுக்கொண்டு நிற்கும். மேட்டிலோ புல், புதர், பாறை, அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம், வெயில், அவ்வளவுதான். அந்த வெயிலைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அங்கே கௌதாரிகள் முட்டைமேல் உட்கார்ந்து அடைகாப்பதில்லை. பக்கத்தில் நின்று இறக்கையால் விசிறிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் முட்டை அவிந்துவிடுமே!

மேட்டில் ஒரே ஒரு குட்டை. பங்குனி வெயிலில் அது வற்றிவிடும். உடனே மேட்டு விலங்குகள் எல்லாம் கூட்டமாக ஆற்றுக்கு இறங்க வேண்டும். கூட்டத்தை நடத்திப் போவது யார்? அதற்கு வருஷா வருஷம் ஒரு தேர்தல்.

சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. போட்டி போடுகிறவர்கள் குட்டைக்கரையில் நிற்பார்கள். யார் வேண்டுமோ அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டியது. எந்தப் பக்கம் வால்கள் அதிகமோ, அந்தப் பக்கம் ஜெயம்.

வருஷா வருஷம் ஜெயிப்பது மந்தாசலம் என்ற காட்டெருது. வருஷா வருஷம் தோற்பது தாவுராயன் என்ற குரங்கு.

எருதுக்குப் பேச வராது. ஓட்டுக் கேட்டும் போகாது. தேர்தல் அன்று யாராவது போய் எழுப்பினால்தான் எழுந்திருக்கும். ஜெயித்தவுடன், பக்கத்து மலையைச் சுற்றிப் போகும் பழைய பாதையில் எல்லாரையும் கூட்டிப் போகும். அந்தப் பாதை எவ்வளவு நீளம் தெரியுமா? கிளம்பும்போது பால் குடித்த முயல்குட்டிக்கு, போய்ச் சேரும்போது மீசை நரைத்திருக்கும்!

குரங்கு அப்படியா? பள்ளத்து மரத்தில் பிறந்த குரங்கு. துறுதுறுப்பு. நேராக ஆற்றுக்கு இறங்கும் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. காலையில் மேட்டில் கொட்டாவி விட ஆரம்பித்தால், ஆற்றங்கரையில் போய் அதை முடிக்கும். அவ்வளவு குறுக்கு!

ஆனாலும் தோல்விதான்.

அந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது. மாசியிலேயே குட்டை சேறாகிவிட்டது. அதே சமயம் புள்ளிமான் ஒரு குட்டி போட்டது. எழுந்து நின்றால் அதன் கால்கள் ஆளுக்கொரு திசையில் போகும். பாவம், அதை வைத்துக்கொண்டு மலையைச் சுற்றி நடக்க முடியுமா? மானுக்குத் தொண்டையில் புல் இறங்கவில்லை. "இந்த நீள வழியில் என் குட்டி பிழைக்காது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

இது குரங்கின் காதில் விழுந்தது. "ஆகா! இந்தத் தடவை ஜெயம் எனக்குத்தான்!" என்று ஒரு குலை அத்திப்பழத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குத் தாவியது. ஒரு மொட்டை மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பழத்தை வாரி இறைத்தது.

"மேட்டுக்காட்டுப் பெருமக்களே! எத்தனை காலம்தான் அந்தத் தூங்குமூஞ்சி எருதின் வாலைப் பார்த்துக்கொண்டே நடப்பீர்கள்? என் வழியில் வாருங்கள்! காலையில் கிளம்பினால் காலையிலேயே தண்ணீர்!"

பழம் மளமளவென்று தீர்ந்தது. மான் தன் குட்டியை நக்கிவிட்டு, கண்ணில் ஆசை மின்ன முன்னால் வந்தது.

"தம்பி, அந்த வழியில தரை எப்படி இருக்கும்? கல்லா, முள்ளா?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "தரையா?"

"ஆமா தம்பி, தரை."

"தரை... கீழே இருக்கும்."

காட்டுப்பன்றிக்குப் பழம் புரையேறிவிட்டது. "அடேயப்பா! கீழேயா இருக்கு? நாங்க இத்தனை நாளும் மேலே இருக்குன்னுல்ல நினைச்சோம்!"

மேடே குலுங்கிச் சிரித்தது. முயல் சிரித்துச் சிரித்துப் புதருக்குள் உருண்டுபோய், வெளியே வர வழி தெரியாமல் அங்கிருந்தே சிரித்தது.

"சரி, பழம் தின்னீங்களே, ஓட்டு?" என்று கேட்டது குரங்கு.

"பழம் நல்ல ருசி. ஓட்டு எருதுக்கு" என்றது பன்றி, வாயைத் துடைத்துக்கொண்டு.

குரங்குக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரே பாய்ச்சலில் ஆற்றங்கரை ஆலமரத்துக்குப் போனது. அங்கே ஒரு பொந்தில் ஆந்தைப் புலவர் குடியிருந்தார். காட்டில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று பேர். அந்தப் பேரை வைத்தவரும் அவர்தான். நடுப்பகல், நல்ல தூக்கம்.

"புலவரே! இந்த மேட்டு ஆளுங்க ஏன் எப்பப் பார்த்தாலும் அந்த எருதையே தேர்ந்தெடுக்கிறாங்க? நல்லது சொன்னா மண்டையில ஏறவே மாட்டேங்குதே!"

ஆந்தை கண்ணைத் திறக்கவில்லை. "இதில் என்ன அதிசயம்? வெயிலில் அவர்களுக்கு மூளை காய்ந்துவிட்டது. அதோடு, குனிந்து குனிந்து மேய்வதால் புத்தியும் குனிந்தே போய்விட்டது."

"நீங்க மேட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"எதற்கு? இங்கிருந்தே எல்லாம் தெரிகிறதே!" என்றது ஆந்தை, மூடிய கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டு.

குரங்குக்கு அது தேவவாக்காகப் பட்டது. திரும்பவும் மேட்டுக்குத் தாவியது. மொட்டை மர உச்சியில் நின்று, "உங்களுக்கெல்லாம் மூளை காய்ந்துவிட்டது! புலவரே சொல்லிவிட்டார்!" என்று கத்தியது.

அவ்வளவுதான். விலங்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, குரங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தன. கௌதாரி மட்டும் போகிற போக்கில் காலால் கொஞ்சம் புழுதியை உதைத்துவிட்டுப் போனது.

மான் மட்டும் போகவில்லை.

"எனக்கும் கோபம்தான் தம்பி. ஆனா கோபப்பட்டுக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல. குட்டையைப் பாரு, நாளைக்கு இருக்குமோ இருக்காதோ. உன் வழி நிஜமாவே குறுக்குன்னா எனக்கு அது வேணும். கீழே இறங்கு. தரையில நடந்து காட்டு. என் குட்டி நடக்கக்கூடிய வழியா இருந்தா, யார் நிக்காட்டியும் நான் உன் பின்னாடி நிப்பேன்."

"இதென்ன பிரமாதம்!" என்று குரங்கு தொப்பென்று கீழே குதித்தது.

குதித்ததும், "ஆ!" என்று ஓர் ஆள் உயரம் எம்பியது.

"என்ன தம்பி?"

"சுடுதே அக்கா!"

"மத்தியானம் சுடத்தான் செய்யும். வா."

இரண்டும் நடந்தன. குரங்கு பாதத்தில் நெருஞ்சி முள் ஏறியது. ஒற்றைக் காலில் நொண்டியது. அந்தக் காலிலும் ஏறியது. கையை ஊன்றியது. கையிலும் ஏறியது. வாலை ஊன்றி நடக்கலாமா என்றுகூட யோசித்தது! ஒரு மரம் கண்ணில் பட்டதும், பழக்கதோஷத்தில் விறுவிறுவென்று ஏறிவிட்டது.

"இறங்கு தம்பி! என் குட்டிக்கு மரம் ஏறத் தெரியாது."

அசடு வழிய இறங்கியது குரங்கு. புதரைத் தாண்டினார்கள், பாறையைத் தாண்டினார்கள். மான் சட்டென்று நின்றது.

எதிரே ஓர் ஓடைப் பள்ளம். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்துக் கரை. எட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. அடியில் ஏதோ ஒரு காலத்தில் விழுந்த மாட்டின் எலும்பு வெளுத்துக் கிடந்தது.

"இது... இது எப்ப வந்தது?" என்று திணறியது குரங்கு.

"எங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடியே இருக்கு. இதுக்குப் பயந்துதானே மலையைச் சுத்திப் போறோம். நீ இதைத் தாண்ட ஏதோ வழி கண்டுபிடிச்சிருக்கேன்னுல்ல நினைச்சேன்."

குரங்கு அண்ணாந்து பார்த்தது. தலைக்கு மேலே, இந்தக் கரை மரமும் அந்தக் கரை மரமும் கிளையைக் கோத்துக்கொண்டிருந்தன. ஒரே தாவல்! எத்தனை முறை தாவியிருக்கும்! கீழே பள்ளம் இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கண்ணில் படவில்லை. மேட்டு விலங்குகள் தன்னை நம்பி வந்திருந்தால்? பின்னால் தள்ளாடி வந்திருக்குமே, அந்தக் குட்டி?

குரங்கின் வாய் அடைத்துப்போனது. நம்புங்கள், காடே உற்றுக் கேட்டது. குரங்கு பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு மெதுவாகக் கேட்டது. "அக்கா, இதுக்கு என்ன செய்யலாம்?"

"பன்றி மனசு வச்சா கரையைச் சரிச்சுடலாம். இதுவரைக்கும் யாருக்கும் அது தோணல. ஆனா நீதான் போய்க் கேக்கணும்."

நொண்டிக்கொண்டே போய், ஓடைக் கரையைத் தோண்டிச் சரிக்க வரச் சொல்லிக் கேட்டது குரங்கு. பன்றி படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்தது.

"என்னங்க, நடந்தா வந்தீங்க? உங்க புலவரைக் கூட்டிட்டுப் போய்த் தோண்டச் சொல்லுங்களேன். எங்களுக்குத்தான் மூளை காஞ்சு போச்சே!"

"தப்பா பேசிட்டேன் மாமா. பார்க்காமலே பேசிட்டேன். வழியில பள்ளம் இருக்கு. அந்தக் குட்டிக்காக வாங்க."

பன்றி குரங்கின் பாதத்தைப் பார்த்தது. முள்ளுக்கு நடுவே கொஞ்சம் பாதமும் தெரிந்தது. "ஹூம்" என்று எழுந்தது.

அன்றைக்குப் பன்றி தோண்டிய தோண்டல் இருக்கிறதே! இரண்டு கரையும் பொலபொலவென்று சரிந்தன. பறந்த மண்ணில் சூரியன் மறைந்தது. பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துக் காகங்கள் கூட்டுக்குத் திரும்பிவிட்டன! செங்குத்துச் சுவர் இருந்த இடத்தில் சறுக்குப் பாதை வந்தது. குரங்கு கல்லைப் பொறுக்கி அப்புறப்படுத்தியது, முள்ளைப் பிடுங்கி எறிந்தது.

தேர்தல் நாள் வந்தது. குட்டை நன்றாகக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. இனி ஒரு நாள்கூடத் தாங்காது.

எருதை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அது ஒரு பக்கம் நின்றது. குரங்கு மறுபக்கம், தரையில் நின்றது. பழமும் இல்லை, பெரிய பேச்சும் இல்லை. "வழி சரியா இருக்கு. நடந்து பார்த்துட்டேன்" என்று மட்டும் சொன்னது.

எல்லா விலங்குகளும் நகர்ந்தன. முயல் எருதின் பின்னால் போனது. கௌதாரிகள் எருதின் பின்னால் போயின. தோண்டித் தோண்டி மூக்குத் தேய்ந்த பன்றியும் எருதின் பின்னால்தான் போனது!

குரங்கின் பின்னால் மான் நின்றது. குட்டி நிற்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்.

"இன்னுமா!" என்று குரங்கு கிட்டத்தட்ட அழுதுவிட்டது. "மாமா, நீங்களே தோண்டின வழியாச்சே!"

"கோவிச்சுக்காதேப்பா" என்றது பன்றி. "வழி அருமையான வழி. ஆனா கூட்டம் நடக்கும்போது யாராவது விழுவாங்க. போன கோடையில நான் சேத்துல மாட்டினேன். மத்தவங்கெல்லாம் போயிட்டாங்க. எருது மட்டும் நின்னுது. கொம்பைக் கொடுத்து இழுத்துது. அது தூங்குமூஞ்சிதான், எனக்குத் தெரியாதா? ஆனா விழுந்தவனை விட்டுட்டுப் போகாது. நீ நல்லவன்தான். ஆனா நீ திரும்பிப் பார்த்து நாங்க பார்த்ததில்லையே!"

குரங்கு குனிந்து தன் வீங்கிய பாதத்தைத் தடவியது.

மான் எருதின் முன்னால் போய் நின்றது. "அண்ணா, நீங்க ஜெயிச்சுட்டீங்க. பழைய பாதையில போனா என் குட்டி பாதியிலேயே போயிடும்."

எருது குட்டியைப் பார்த்தது. வெடித்துக் கிடந்த குட்டையைப் பார்த்தது. கடைசியில் குரங்கின் வீங்கிய பாதத்தைப் பார்த்தது. வெகுநேரம் அசைபோட்டது. 

"புது வழி எனக்குத் தெரியாது" என்றது எருது. "தெரிஞ்சவன் முன்னால போகட்டும். நான் கடைசியில வரேன். நடங்க!"

"ஹோய்!" என்று ஒரு கூச்சல்! கூட்டம் கிளம்பிவிட்டது! குரங்கு முன்னால், எருது பின்னால், நடுவே மேட்டுக்காடு மொத்தமும்! புழுதி கிளம்பி வானத்தைத் தொட்டது.

ஓடைப் பள்ளம் வந்தது. எல்லாரும் சறுக்கி இறங்கி, எதிர்க் கரையில் ஏறத் தொடங்கினார்கள். குரங்கு ஏறி மேலே நின்றது. ஆற்றுக் காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. கால் பரபரத்தது. தலைக்கு மேலே கிளை வேறு, வா வா என்று ஆடியது. ஒரு தாவு தாவினால் தண்ணீர்!

குரங்கு திரும்பிப் பார்த்தது.

பாதிச் சரிவில் குட்டி கால் மடங்கி விழுந்து கிடந்தது. மான் மூக்கால் தள்ளிப் பார்த்தது. முடியவில்லை. மண் உதிர்ந்தது, குட்டி கீழே வழுக்கியது.

குரங்கு பாய்ந்து இறங்கியது. வாலை நீட்டி, "கடிச்சுக்கோடா, விடாதே!" என்று கத்தியது. குட்டி வாலை இறுகக் கவ்வியது. கீழே எருது வந்து நெற்றியைக் கொடுத்து முட்டுக் கொடுத்தது. மேலே ஓர் இழுப்பு, கீழே ஒரு தள்ளல், மேலே ஓர் இழுப்பு, கீழே ஒரு தள்ளல்! "ஏலே, ஏறு ஏறு!" என்று கரைமேல் பன்றி குதித்தது. முயல் பயத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டே கத்தியது.

ஏறிவிட்டது!

அங்கிருந்து ஆறு கூப்பிடு தூரம்தான். குட்டி முதலில் குடித்தது. பிறகு எல்லாரும் விழுந்து குடித்தார்கள். அந்தக் குடியில் ஆறு ஒரு கணம் பின்னோக்கி ஓடி, பிறகு சுதாரித்துக்கொண்டு திரும்பியது.

கரை முழுக்க ஒரே நெருக்கடி. குரங்குக்கு இடமே கிடைக்கவில்லை. கடிபட்ட வாலைத் தடவிக்கொண்டு பின்னால் நின்றது. பன்றி அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களை முட்டித் தள்ளியது.

"ஏய், நகருங்க, நகருங்க! நம்ம ஆளு தண்ணி குடிக்கட்டும்!"

நீதி: பிறரை ஒரு வழியில் அழைக்க விரும்புகிறவர், அவர்கள் கால் படும் தரையில் முதலில் தாமே நடந்து பார்க்க வேண்டும்.