எப்போதும் மேலே நின்ற மனு

மஞ்சணூர்ச் சீமையை வீரமருதப்பர் ஆண்ட காலம். அந்தக் காலத்து அரண்மனைக்குக் கணினி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது. சிம்மாசனத்துக்கு நேர் எதிரே மேசை போட்டு வைத்தார்கள். வந்த நாள் முதல் மக்கள் மனுக்களெல்லாம் அதில்தான் வந்தன.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் ஒரு மனுவைத் திறந்துவிட்டால் தீர்ப்புச் சொல்லாமல் மூடக் கூடாது. கொள்ளுத்தாத்தா ஓலையில் மனு வாங்கிய நாளில் போட்ட விதி. ஓலைக்குச் சரி. வீரமருதப்பருக்கோ திறப்பதில் இருந்த உற்சாகம் தீர்ப்புச் சொல்வதில் இல்லை. இரண்டே வாரத்தில் திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு சாளரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது முதல் நாளே வந்த மனு, பொன்னுருவி என்பவள் கொடுத்தது. அவளுடைய வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் விடும் மதகு மூடிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது அமைச்சர் உத்தண்டராயரின் மனு. ஒரு சாளரத்தை எப்போதும் மேலேயே நிறுத்தி வைக்கும் குட்டிச் செயலி ஒன்றை ராயர் சத்தமில்லாமல் ஏற்றியிருந்தார். மதகைப் பூட்டியவரும் அவரே. அவருடைய மாந்தோப்புக்குத் தண்ணீர் போதவில்லையாம்.

கணினியைப் பார்த்துக்கொண்டவன் தாண்டவன். அவனுக்கு விஷயம் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும் என்பதும் தெரியும். அதற்குள் ராயர் முந்திக்கொண்டார். இவனுக்கு வேலை தெரியவில்லை, சுவர் அளவுக்கு ஒரு திரை வைத்தால்தான் சரிப்படும் என்று அரசர் காதில் ஓதினார்.

அரசர் தாண்டவனைக் கூப்பிட்டார்.

"இருக்கிற திரையிலேயே எல்லாச் சாளரமும் ஒரே நேரத்துல என் கண்ணுக்குத் தெரியணும். ஒண்ணையும் மூடக் கூடாது. நாளைக்கு உச்சிவேளைக்குள்ள முடியலன்னா நீ ஊருக்குக் கிளம்பலாம்."

"உத்தரவு" என்றான் தாண்டவன்.

மறுநாள் கடுகளவில் இரண்டு செயலிகளோடு வந்தான். முதலாவதைத் தட்டியதும் சாளரங்கள் சுருங்கி, வரிசை வரிசையாக ஒட்டி நின்றன. ஒவ்வொன்றும் நகத்தளவு. நடுவில் ராயரின் மனு மட்டும் சுருங்கவில்லை.

"தெரியுதா மகாராஜா?"

"தெரியுது. ஒண்ணும் படிக்க முடியல."

ராயர் மீசையைத் தடவிக்கொண்டார். தாண்டவன் வாசல் பக்கம் கைகாட்டினான். மனுக் கொடுத்தவர்களை முன்பே வரச் சொல்லியிருந்தான். அத்தனை பேரும் உள்ளே வந்து ஒரே நேரத்தில் குறையைச் சொல்லத் தொடங்கினார்கள். அரசர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஒவ்வொருத்தரா பேசுங்கய்யா. முதல்ல வந்தவங்க முதல்ல."

"இதே உத்தரவைத்தான் இரண்டாவது செயலிக்குக் கொடுத்திருக்கேன்" என்று தாண்டவன் அதையும் தட்டினான். முதலில் திறந்த சாளரம் விரிந்தது. மற்றவை ஓரமாக ஒதுங்கின. ஆனால் விரிந்தது ராயரின் மனுவுக்குப் பின்னால். விளிம்பு மட்டும் தெரிந்தது.

அமைச்சரின் மனுவை எடுக்கச் சொன்னார் அரசர். தீர்ப்பில்லாமல் மூட முடியாது என்று தாண்டவன் கொள்ளுத்தாத்தாவின் விதியை நினைவூட்டினான். வேறு வழியில்லாமல் அரசர் அதை முதல் தடவையாகப் படித்தார்: 'மகாராஜாவின் திருப்பார்வையிலிருந்து ஒருநாளும் அகலாத இடமொன்றை அடியேனுக்கு அருள வேண்டும்.'

அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று அரசர் தாடையைத் தடவினார். பின்னால் இருக்கும் மனுவின் சொந்தக்காரி இங்கேதான் நிற்கிறாள், அவள் பேசினால் இடம் கிடைத்துவிடும் என்றான் தாண்டவன்.

பொன்னுருவி முன்னால் வந்தாள். "மதகை மூடிப் பதினாறு நாளாச்சுங்க. இன்னும் ரெண்டு நாள் போனா கொடி பூராவும் கருகிரும். யார் மூடினதுன்னு சொல்லப் பயமா இருக்குங்க."

அரசருக்குக் கோபம் வந்தது. "எனக்கு நேரா வாசல். வாசலுக்கு நேரா மதகு. அது என் கண்ணுல எப்படிப் படாம போச்சு?"

தாண்டவன் கணினித் திரையை ஒரு முழம் நகர்த்தி வைத்தான். வாசல் தெரிந்தது. மதகு தெரிந்தது. அதில் தொங்கிய பெரிய பூட்டும் தெரிந்தது. சாவி ராயர் இடுப்பில் இருந்தது.

"அமைச்சர் கேட்ட இடம் அதுதான் மகாராஜா. மதகைத் திறந்துட்டு அதுமேல உட்காரட்டும். ஒருநாளும் உங்க பார்வையை விட்டு அகல மாட்டார்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியே தீர்ப்பு எழுதி இரண்டு மனுவையும் மூடினார். பொழுது சாய்வதற்குள் கொடிக்காலில் தண்ணீர் ஏறியது. மதகு மேல் ராயர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். அரசர் அவ்வப்போது கையசைத்தார்.

என்ன பரிசு வேண்டும், தயங்காமல் கேள் என்று தாண்டவனிடம் சொன்னார்.

"மனுவா எழுதிப் போட்டுட்டேன் மகாராஜா" என்றான் தாண்டவன். "இருநூத்திப் பதினொண்ணாவதா இருக்கு. காத்திருக்கேன்."